எண்ணெய்க் கசிவும் அளவை நூலும்

காரியத்தைக் கண்டு காரணத்தை அறிவது அனுமானத்தில் ஒரு வகை. நிறுத்திவைத்த காரின் அடியில் கிடக்கும் கறுத்த எண்ணெய்ச் சொட்டு ஒரு காரியம். அதன் காரணம் இன்ஜினின் இரும்புக்கும் ரப்பருக்கும் இடையில் எங்கோ மறைந்திருக்கிறது. தெரிந்ததைப் பற்றிக்கொண்டு தெரியாததைச் சென்றடையும் இந்த வழி நம்பத்தக்கதா என்பது தத்துவ நூல்களில் மிகப் பழைய வழக்கு. நம்பத்தக்கது என்றால், பின்னோக்கிச் செல்லும் தேடலை எங்கே நிறுத்தி ‘இதுவே காரணம்’ என்று சொல்வது என்பது அதை ஒட்டி எழும் இரண்டாவது கேள்வி. இவ்விரண்டையும் பற்றிச் சொல்லளவில் எத்தனை காலமும் வாதிடலாம். எண்ணெய்க் கசிவில் அதற்கு இடமில்லை. முடிவு தவறாக இருந்தால் மறுநாள் காலையில் தரையில் மறுபடி சொட்டு கிடக்கும். அனுமானத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட நேர்மையான களம் கிடைப்பது அரிது.

கௌதமரின் நியாய சூத்திரம் அனுமானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. காரணத்தைக் கண்டு வரப்போகும் காரியத்தை அறிவது ஒன்று. காரியத்தைக் கண்டு நடந்துபோன காரணத்தை அறிவது ஒன்று. பொதுவான தொடர்பை வைத்து நேரே காண முடியாததை அறிவது மற்றொன்று. இதே பிரிவு தமிழில் மணிமேகலையின் 27ஆம் காதையில் வருகிறது. வஞ்சி நகரில் ஆண் துறவி வடிவில் சமயக் கணக்கர்களைச் சந்திக்கும் மணிமேகலைக்கு அளவைவாதி முதல், எச்சம், பொது என்று கருத்தளவையின் வகைகளைச் சொல்கிறான். கருக்கொண்ட மேகத்தைக் கண்டு மழை வரும் என்பது முதல். ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். கசிவைத் தேடுபவர் செய்வது முழுக்க முழுக்க எச்ச அனுமானம். வெள்ளம் கண்ணெதிரே ஓடுகிறது. மழை பெய்த மலை கண்ணுக்கு எட்டவில்லை.

இன்ஜினில் எண்ணெய் எப்படி நடமாடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த அனுமானத்தின் சிக்கல் விளங்காது. அடியிலுள்ள சம்பில் கிடக்கும் எண்ணெயை பம்ப் உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கும் அங்கிருந்து உச்சியிலுள்ள கேம் ஷாஃப்ட்டுக்கும் அனுப்புகிறது. மேலே போன எண்ணெய் தானாக வடிந்து மீண்டும் சம்புக்கு வந்து சேர்கிறது. இந்தச் சுற்றில் இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் இடமெல்லாம் ஒரு பேக்கிங்கோ ஓ-ரிங்கோ உண்டு. சுழலும் தண்டு வெளியே வரும் இடமெல்லாம் ஓர் ஆயில் சீல் உண்டு. உச்சியில் டேப்பட் கவர் பேக்கிங், பக்கவாட்டில் ஆயில் பிரஷர் சுவிட்ச்சும் ஃபில்டரும், முன்பக்கம் கிராங்க் சீலும் டைமிங் கவரும், பின்பக்கம் கியர் பாக்ஸை ஒட்டிய பின் சீல், அடியில் சம்ப் பேக்கிங்கும் டிரெயின் போல்ட்டின் வாஷரும். கசிவு இவற்றில் எதிலிருந்தும் தொடங்கலாம். தொடங்கிய பின் எண்ணெய் கீழ்நோக்கி இறங்குகிறது, வார்ப்பின் விளிம்புகளைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஓடுகிறது, கார் ஓடும்போது அடியில் வீசும் காற்று அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே சொட்டு விழும் இடம், எண்ணெய்க்குத் தொங்கக் கிடைத்த கடைசி விளிம்பு எதுவோ அதைத்தான் காட்டுகிறது. கசியும் இடம் அதற்கு இரண்டடி மேலேயும் முன்னேயும் இருக்கலாம்.

இங்கேதான் அனுமானத்தை ஏற்காதவர்களின் வாதம் வலுப்பெறுகிறது. அதே 27ஆம் காதையில் பேசும் பூதவாதி, கண்கூடாகக் கண்டதைத் தவிர வேறெதையும் அளவையாக ஏற்பதில்லை. உலோகாயதரின் நிலையும் இதை ஒட்டியதே: கண்டது சில இடங்களில், சில காலங்களில்; அதை வைத்து எல்லா இடத்துக்கும் எப்படி உறுதி சொல்வது? நியாய சூத்திரமே தன் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த ஐயத்தை எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆறு பெருகியதற்கு மழை காரணமாக இருக்க வேண்டியதில்லை, கீழே யாராவது அணை கட்டித் தடுத்தாலும் நீர் உயரும். எறும்பு முட்டையைச் சுமந்துகொண்டு போவது மழைக்கு அறிகுறி என்பார்கள், புற்றை யாராவது இடித்தாலும் அது அப்படித்தான் போகும். மயிலின் அகவல் கேட்டு மயில் இருக்கிறது என்றால், அந்தக் குரலை மனிதனும் எழுப்பலாம். எதிர்வாதத்தை இவ்வளவு கூர்மையாகத் தானே எழுதிவைத்துவிட்டுப் பதில் தேடும் நேர்மை பாராட்டத்தக்கது.

சூத்திரம் தரும் பதிலை 5ஆம் நூற்றாண்டை ஒட்டிய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விரித்துச் சொல்கிறார். பிழை செய்தது அனுமானம் அல்ல, அடையாளத்தைச் சரியாகப் பார்க்காத மனிதன். ‘நீர் உயர்ந்திருக்கிறது’ என்பது மழைக்கு அடையாளமே இல்லை. நீர் முன்னைவிட வேகமாக ஓட வேண்டும், நுரை சுழித்து வர வேண்டும், இலையும் பழமும் மரக்கட்டையும் மிதந்து வர வேண்டும். இவையெல்லாம் சேர்ந்த பெருக்கு மேலே மழை பெய்தாலன்றி வராது. தேங்கிய நீரில் நுரையும் இல்லை, கட்டையும் இல்லை. பொதுவான அடையாளம் ஏமாற்றும், குறிப்பான அடையாளம் ஏமாற்றாது என்பதே இப்பதிலின் சாரம்.

கசிவு தேடுவதில் தேர்ந்த மெக்கானிக்கும் தேராதவரும் வேறுபடும் இடம் இதுவே. ‘எண்ணெய் இருக்கிறது’ என்பது அடையாளம் ஆகாது. முதலில் அது இன்ஜின் ஆயில்தானா என்று பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ கொண்டு இனித்த மணம் வீசினால் கூலன்ட். நிறமும் மணமும் வழுவழுப்பும் இல்லாத நீர் என்றால் ஏ.சி.யிலிருந்து வடிந்தது, அது குறையே அல்ல. இன்ஜின் ஆயில்தான் என்று உறுதியான பின், அது ஈரமாக மினுக்குகிறதா, தூசி ஏறிக் களிம்பாகக் கெட்டியாகியிருக்கிறதா என்பது அடுத்த வேறுபாடு. மினுக்கும் எண்ணெய் இன்றையது, கெட்டித்த களிம்பு பல மாதக் கதை. இன்ஜினின் மேல்பக்கத்திலும் முன்பக்கத்திலும் எந்த இடம் வரை ஈரம் எட்டியிருக்கிறது என்பது எல்லாவற்றிலும் முக்கியம். எண்ணெய் தானாக மேலே ஏறுவதில்லை. ஆகவே ஈரத்தின் உச்சி எல்லையே ஊற்றுக்கு மிக அருகான இடம். அதற்கும் மேலே எல்லாம் உலர்ந்திருந்தால் தேடல் பாதி முடிந்துவிட்டது.

மணிமேகலையின் 29ஆம் காதை இதை இன்னும் நுட்பமாகச் சொல்லக் கருவி தருகிறது. காஞ்சியில் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்தத் தருக்கத்தின்படி, ஏதுவுக்கு, அதாவது அனுமானத்தின் அடையாளத்துக்கு, மூன்று இலக்கணங்கள் வேண்டும்: ஆராயும் பொருளில் அது இருக்க வேண்டும், அதையொத்த சபக்கத்தில் இருக்க வேண்டும், ஒவ்வாத விபக்கத்தில் இல்லாதிருக்க வேண்டும். மூன்றாவது பொய்த்துப்போனால், ஏது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகி எதையும் நிறுவாமல் நிற்கும். அக்குறைக்குச் சாதாரண அநைகாந்திகம் என்று பெயர்.

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் சொட்டுவதை இந்த இலக்கணத்தால் அளந்து பார்க்கலாம். கிராங்கின் பின் சீல் கெட்ட கார்களில் அங்கே சொட்டும். ஏது சபக்கத்தில் இருக்கிறது. டேப்பட் கவர் பேக்கிங்கின் பின்மூலை கெட்ட கார்களிலும் எண்ணெய் இன்ஜினின் முதுகு வழியே இறங்கி அங்கேயே சொட்டும். ஏது விபக்கத்திலும் இருக்கிறது. ஆயில் பிரஷர் சுவிட்ச் பின்பக்கம் அமைந்த இன்ஜின்களில் அதிலிருந்தும் அங்கேதான் வரும். ஆகவே ‘பெல் ஹவுசிங்கில் ஒழுகுகிறது, பின் சீல் போய்விட்டது’ என்ற பேச்சு அளவை நூலின்படி வழுவுடையது. வழுவின் விலையும் சிறிதல்ல. டேப்பட் கவர் பேக்கிங் மாற்ற ஒரு மணி நேரம் போதும். பின் சீல் மாற்ற வேண்டுமானால் பெரும்பாலான கார்களில் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். ஒரு முழு நாள் வேலை. இறக்கி, சீலை மாற்றி, எல்லாவற்றையும் பூட்டிய பின்னும் எண்ணெய் அதே இடத்தில் சொட்டுவதுண்டு. சீலின் தவறு அதில் எதுவும் இல்லை. தேடியவர் மூன்றாம் இலக்கணத்தைப் பார்க்கவில்லை.

பழைய எண்ணெய் மூடியிருக்கும் இன்ஜினில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் குறிப்பான அடையாளம் கிடைக்காமல் போகலாம். போன வருடம் நின்றுவிட்ட கசிவின் கறை, ஃபில்டர் மாற்றும்போது சிந்தியது, ஆயில் ஊற்றும்போது புனலுக்கு வெளியே வழிந்தது, இன்றைய கசிவு ஆகியவை அங்கே ஒன்றாகக் கலந்து கிடக்கும். அப்போது செய்ய வேண்டியது கழுவுதல். கிரீஸ் நீக்கியைத் தெளித்து, மின் இணைப்புகளை மூடிக்காத்து, கழுவித் துடைத்து, முழுதும் உலரவிட வேண்டும். பிறகு இன்ஜினைச் சூடாகும் வரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தேவையானால் சில நாள் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். இருக்கும் சான்றையெல்லாம் அழிப்பது தேடலுக்கு எதிரான செயல் போலத் தோன்றும். உண்மையில் இது பௌத்த தருக்கிகள் காரண காரியத் தொடர்பை உறுதி செய்ய வகுத்த ஐந்து படிகளில் முதலாவது. மாதவரின் 14ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான சர்வதர்சன சங்கிரகம் அப்படிகளைக் குறித்துவைத்திருக்கிறது. முதலில் காரியம் காணப்படாதிருக்க வேண்டும். பின் காரணம் காணப்பட வேண்டும். அதையடுத்துக் காரியம் காணப்பட வேண்டும். பின் காரணம் நீங்க வேண்டும். அதனோடு காரியமும் நீங்க வேண்டும். கழுவிய இன்ஜின் முதல் படி. இன்ஜினை ஓட்டி எண்ணெய் அழுத்தம் எழுப்புவது இரண்டாவது. கவரின் விளிம்பில் புதிய ஈரம் மினுக்குவது மூன்றாவது. பேக்கிங்கை மாற்றுவதும் விளிம்பு உலர்ந்தே இருப்பதும் நான்காவதும் ஐந்தாவதும். பல நூற்றாண்டுகள் கழித்து 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தன் தருக்க நூலில் வேறுபாட்டு முறை என்று விளக்கியதும் இதற்கு நெருங்கியதே.

கழுவிய பின் உலர்ந்திருக்கும் இடங்களும் சான்று பகர்கின்றன. ஆனால் காணாமை எப்போது சான்றாகும் என்பதில் 7ஆம் நூற்றாண்டின் தர்மகீர்த்தி கடுமையான நிபந்தனை விதிக்கிறார்: ஒரு பொருள் அங்கே இருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் அது காணப்படாவிட்டால்தான் அதன் இன்மை உறுதியாகும். வெளிச்சமில்லாத மூலையைப் பார்த்து ‘அங்கே ஒன்றுமில்லை’ என்பது சான்று ஆகாது. டேப்பட் கவரின் முன்விளிம்பு நேரே தெரியும். பின்விளிம்பு காரின் தடுப்புச் சுவரை ஒட்டி மறைந்திருக்கும். முன்னதை உலர்ந்தது என்று கண்டு கவர் முழுவதும் நல்லது என்று முடிவுகட்டும் பிழை மிகப் பரவலானது. கண்ணாடித் துண்டையோ சிறு கேமராவையோ உள்ளே விட்டுப் பார்ப்பதும், விரலால் தடவிப் பார்ப்பதும், சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவி எங்கே அது முதலில் நனைகிறது என்று கவனிப்பதும், ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பதும் இந்த நிபந்தனையை நிறைவேற்றும் வழிகளே. இருந்தால் தெரியும்படி ஆக்கிவிட்டுப் பிறகு பார்க்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகு ‘இல்லை’ என்று சொல்ல அதிகாரம் கிடைக்கிறது.

இடம் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாம்: டேப்பட் கவர் பேக்கிங்கின் பின்மூலை. காரணம் தெரிந்துவிட்டதா? இங்கே இரண்டாவது கேள்வி தொடங்குகிறது. ‘போன வாரம்தான் சர்வீஸ் விட்டேன், அதிலிருந்துதான் ஒழுகுகிறது’ என்பார் ஒருவர். ‘அந்த வேகத்தடையில் அடித்ததுதான்’ என்பார் இன்னொருவர். காரியத்துக்கு முன் நடந்த எல்லாம் காரணமாகிவிடாது. நியாய நூல்கள் இதைப் பானை உதாரணத்தால் விளக்கும். மண் சுமந்துவந்த கழுதை பானைக்கு முன் அங்கே இருந்தது, குயவனின் தகப்பனும் பானைக்கு முற்பட்டவரே. ஆனாலும் இவை பானைக்குக் காரணம் அல்ல, இவற்றை நீக்கிவிட்டாலும் வேறு வழியில் பானை வந்துவிடும். இத்தகையவற்றை அந்நியதாசித்தம் என்று விலக்குவார்கள். சர்வீஸ் கழுதையா, காரணமா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. ஃபில்டரைக் கழற்றியபோது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதிய ஃபில்டர் பூட்டப்பட்டிருந்தால், அந்த இரட்டை வளையம் அழுத்தம் தாங்காமல் பிதுங்கி எண்ணெய் கொட்டும். அங்கே சர்வீஸ்தான் காரணம். கசிவு டேப்பட் கவரில் இருந்து, சர்வீஸில் அந்தக் கவரையே யாரும் தொடவில்லை என்றால் அது வெறும் கழுதை. பழி சுமத்துவதற்கு முன் இந்த வேறுபாட்டைப் பார்ப்பது அறத்தின் பாற்பட்டதும் ஆகும். தொழிலாளி ஒருவரின் பெயர் இதில் அடங்கியிருக்கிறது.

விலக்க வேண்டியதை விலக்கிய பின்னும் காரணம் ஒன்றாக நிற்பதில்லை. சைவ சித்தாந்தம் ஒவ்வொரு காரியத்துக்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று மூன்று கூறும்: பானைக்கு மண்ணும், தண்டசக்கரமும், குயவனும். கசிவை இந்த மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது வெறும் வகைப்பாட்டுப் பயிற்சி அன்று, பழுது திரும்ப வருமா வராதா என்பதை இதுவே தீர்மானிக்கிறது. கெட்டித்துப்போன ரப்பர் முதற்காரணத்தின் இடத்தில் நிற்கிறது. நைட்ரைல் ரப்பர் சுமார் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டைத் தொடர்ந்து தாங்கும், அக்ரிலிக் ரப்பர் 150 வரை, ஃப்ளூரோ ரப்பர் 200 வரை. வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் தன் துள்ளலை இழந்து, அழுத்திய வடிவிலேயே நின்றுவிடுகிறது. உலோகம் சுருங்கி விரியும்போது அதனோடு சேர்ந்து அசைய அதனால் முடிவதில்லை.

துணைக்காரணம் பெரும்பாலும் யாருடைய கண்ணிலும் படாதது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்த வாயுவில் ஒரு பகுதி எப்போதும் கீழே கிராங்க் அறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அதை உறிஞ்சி மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்ப பி.சி.வி. வால்வு என்ற சிறு வால்வு இருக்கிறது. அதில் கரி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கிலும் எண்ணெயை வெளியே தள்ளும். இந்த நிலையில் புதிய பேக்கிங் போட்டால் சில மாதம் நிற்கும், பிறகு அது, அல்லது அதைவிட வலுக்குறைந்த வேறு சீல் ஒழுகும். பேக்கிங் மட்டமானது என்று பழி கடைக்காரர் மேல் விழும். பெட்ரோல் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய காகிதம் ஒன்றை வைத்தால் பெரும்பாலான இன்ஜின்களில் அது லேசாக உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் கிராங்க் அறையில் அழுத்தம் நிற்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடங்களில் கசிவு தொடங்கியிருந்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. பல காரியங்கள் ஒன்றாகத் தோன்றினால் அவற்றுக்குப் பொதுவான ஒரு காரணம் உண்டா என்று பார்ப்பது தருக்கத்திலும் முதல் கடமை.

நிமித்த காரணம் மனிதக் கை. டேப்பட் கவர் போல்ட்டுகளுக்குப் பல கார்களில் வேண்டிய முறுக்கு 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான்; மணிக்கட்டு வலிமையே அதைத் தாண்டிவிடும். ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கினால் கவர் வளைந்து, போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து கசிவு பெருகும். பழுது நீக்குவதும் எளிய ஒழுங்குதான்: பழைய பேக்கிங்கின் துணுக்கும் எண்ணெயும் இல்லாமல் இரண்டு முகங்களையும் துடைத்தெடுப்பது, காரின் கையேடு சொல்லும் மூலைகளில் மட்டும் சிலிகான் பசை ஒரு துளி வைப்பது, நடுவிலிருந்து வெளிநோக்கி இரண்டு மூன்று சுற்றாக டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவது. பசையை அள்ளி அப்பினால் உள்ளே பிதுங்கியது உடைந்து விழுந்து, சம்பிலுள்ள பம்பின் சல்லடையை அடைக்கும். சிறு கசிவை நிறுத்தப் போய் இன்ஜினையே எண்ணெயின்றி நிறுத்திய கதையாகிவிடும். சுழலும் தண்டின் சீலில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. பழைய சீலின் உதடு வருடக்கணக்கில் உரசித் தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் ஒழுகும்; அங்கே கெட்டது சீல் மட்டும் அல்ல, அது உட்கார்ந்த இடமும்தான்.

பின்னோக்கிச் செல்லும் இந்தத் தேடலுக்கு எல்லை எது? பேக்கிங்குக்குப் பின்னால் அழுத்தம், அழுத்தத்துக்குப் பின்னால் அடைத்த வால்வு, அதற்குப் பின்னால் நேரத்தில் மாற்றாத ஆயில், அதற்குப் பின்னால் மாற்றாமல் விட்ட மனிதரின் பணமுடையோ மறதியோ. சில சமயம் நெடுந்தூரம் போயே ஆக வேண்டும். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் இன்ஜின் ஒன்று நடுவானில் வெடித்தது. 469 பேரும் காயமின்றித் தரையிறங்கினார்கள். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்தின் ஆய்வு ஓர் எண்ணெய்க் கசிவில் போய் நின்றது: எண்ணெய் கொண்டுசெல்லும் சிறு குழாயில் உலோகச் சோர்வால் விரிசல், கசிந்த எண்ணெயில் தீ, தீயால் தண்டிலிருந்து பிரிந்த டர்பைன் வட்டு சிதறல். ஆய்வாளர்கள் விரிசலோடு நிற்கவில்லை. குழாயின் உட்புறத் துளை மையம் தவறிக் கடையப்பட்டதால் ஒரு பக்கச் சுவர் மெலிந்திருந்தது என்பதையும், அப்படிப்பட்ட குழாய்கள் ஆலையின் சோதனையைத் தாண்டி வெளியே வந்தன என்பதையும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அங்கே நின்றதால்தான் அதே வகைக் குழாய் பொருத்திய மற்ற இன்ஜின்களைக் கண்டுபிடித்து நீக்க முடிந்தது.

இந்த எடுத்துக்காட்டிலேயே எல்லைக்கான விதி இருக்கிறது, அதைச் சமய நூல்களும் தெளிவாக அறிந்திருந்தன. மணிமேகலையின் 30ஆம் காதை பேதைமையில் தொடங்கி மூப்பிலும் சாவிலும் முடியும் பன்னிரண்டு சார்புகளை இரண்டு முறை சொல்கிறது. ஒருமுறை இது தோன்ற அது தோன்றும் என்ற வரிசையில். இன்னொருமுறை இது மீள அது மீளும் என்ற வரிசையில். முதல் வரிசை விளக்கம், இரண்டாவது வரிசை மருந்து. பேதைமை எப்போது தொடங்கியது என்ற கேள்விக்குப் பௌத்தம் பதில் தேடுவதில்லை. பிறவிச் சுழலுக்குத் தொடக்கம் அறியப்படவில்லை என்று விட்டுவிடுகிறது. எதை நீக்கினால் எல்லாம் நீங்குமோ அந்த இடமே அதற்குக் காரணம். சித்தாந்தம் வேறு திசையில் போகிறது. உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் காரியம், சடப்பொருள் தானாக இயங்காது, ஆகவே குடத்துக்குக் குயவன் போல அறிவுடைய நிமித்த காரணன் ஒருவன் வேண்டும் என்று மெய்கண்டாரின் சிவஞான போதம் முதல் நூற்பாவிலேயே நிறுவுகிறது. இது நீக்குவதற்கான காரணத் தேடல் அன்று. எல்லாக் காரணங்களும் எதன்மேல் நிற்கின்றன என்ற தேடல்.

இரண்டு தேடல்களும் முறையானவை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பதுதான் கேடு. இன்ஜின் கெட்டதற்கு ஊழே காரணம் என்று சொல்பவர் சித்தாந்தத்தின் கேள்விக்குரிய விடையை மெக்கானிக்கின் கேள்விக்குத் தருகிறார். அதனால் வால்வு அடைப்பு நீங்காது. பேக்கிங்கை மாற்றி எல்லாக் காரணத்தையும் அறிந்துவிட்டதாக நினைப்பவரும் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே பிழையைச் செய்கிறார். செயலுக்கான தேடலில் எல்லை தெளிவு: எதை நீக்கினால் காரியம் நீங்கி, திரும்பவும் வராதோ அங்கே நிற்க வேண்டும். அதற்கு முன்னால் நிற்பது சோம்பல்.

இவ்வளவுக்குப் பிறகும் முழு உறுதி கிடைத்ததா என்று உலோகாயதர் கேட்கலாம். நியாய குசுமாஞ்சலியில் உதயனர் தரும் விடை இன்றும் வலுவுள்ளது. ஐயம் தன் செயலோடு முரண்படும் எல்லை வரைதான் செல்லும் என்கிறார் அவர். நெருப்பில்லாமலும் புகை வரலாம் என்று வாதிடுபவரும் புகை வேண்டும்போது நெருப்பையே மூட்டுகிறார். எண்ணெய் மேலிருந்து கீழே வரும் என்பதை ஐயுறுபவரும் டிப் ஸ்டிக்கில் அளவு குறைந்தால் ஆயிலை மேலேயுள்ள வாயில்தான் ஊற்றுகிறார். நியாய மரபு தன் அறிவின் உண்மையைச் செயலின் வெற்றியால் உறுதிசெய்துகொள்கிறது. ஆனால் வெற்றி என்று எதைச் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். கெட்டியான ஆயிலுக்கு மாறினாலும், சீலை உப்பவைக்கும் திரவம் ஊற்றினாலும், ஆயில் அளவு தாழ்ந்துபோனாலும் கசிவு குறைந்தது போலத் தோன்றும். அங்கே காரணம் நீங்கவில்லை, காரியம் மட்டும் மறைந்திருக்கிறது.

எல்லாக் கசிவையும் நீக்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சுழலும் தண்டின் சீல் முற்றிலும் உலர்ந்து வேலை செய்வதே கிடையாது. அதன் உதட்டுக்கும் தண்டுக்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும், இல்லாவிட்டால் அது கருகிவிடும். பழைய காரின் பின் சீல் லேசாக ஈரம் காட்டி, தரையில் சொட்டாமல், டிப் ஸ்டிக்கில் அளவு மாறாமல் இருந்தால் கியர் பாக்ஸை இறக்கத் தேவையில்லை. மாறாக, டேப்பட் கவரிலிருந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழும் எண்ணெய் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பாரத்தோடு ஓடும்போது மேனிஃபோல்டின் சூடு 400 டிகிரியைத் தாண்டலாம், எண்ணெயின் ஆவி சுமார் 200 டிகிரிக்கு மேலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். எந்தக் கசிவையும் சரிசெய்த பின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே விளிம்பை விளக்கடித்துப் பார்த்து, வெள்ளைத் துணியால் துடைத்து, டிப் ஸ்டிக்கின் அளவையும் முன்பு குறித்துவைத்ததோடு ஒப்பிட வேண்டும். துணி வெள்ளையாகவே வந்து அளவும் மாறாதிருந்தால் பழுது நீங்கிவிட்டது.